கடை நல்ல கடை. பங்கு விலை தகுமா?

பங்கு மார்க்கெட் என்றால் அது பம்பாய்க்காரர்கள் விவகாரம் என்று நம்மில் பெரும்பாலோர் ஒதுங்கியிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று நிலைமை அப்படியில்லை. கடைவீதியில் பலரிடம் டிமேட் கணக்கு இருக்கிறது. கடையில் உட்காரும் மகனும், வேலைக்குப் போகும் மகளும் கைபேசியிலேயே பங்கு வாங்கி விற்கிறார்கள். மதிய நேரத்தில் வியாபாரம் சற்று ஓய்ந்ததும் பேச்சு அங்கேதான் போகிறது. அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான். "கம்பெனி வேகமாக வளர்கிறது, ஆனால் விலை ஏற்கெனவே ஏறிவிட்டது. இனிமேல் வாங்கலாமா, கூடாதா?"

இக்கேள்விக்குப் பதில் சொல்லப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. கொள்முதல், லாபம், முதல், வட்டி ஆகிய நான்கும் தெரிந்த எந்த வணிகரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்கு எளிதாகப் புரிவதற்காக, நமக்குப் பழக்கமான மளிகைத் தொழிலில் உள்ள ஒரு கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். அதுதான் டிமார்ட் கடைகளை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ். நமது மாநிலத்திலும் அதன் கடைகள் உள்ளன. நம்மில் சிலருக்கு அது நேரடிப் போட்டி. அந்த மனக்குறையைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, அதன் கணக்கை மட்டும் பார்ப்போம்.

தொழில் நடக்கும் விதம்

பங்குச் சந்தையில் பெயர் பெற்ற முதலீட்டாளரான ராதாகிஷன் தமானி, 2002-ஆம் ஆண்டு மும்பை பவாய் பகுதியில் முதல் டிமார்ட் கடையைத் திறந்தார். அவர் அவசரப்பட்டு ஊர் ஊராகக் கடை போடவில்லை. பெரும்பாலும் வாடகைக்குப் போகாமல் இடத்தைச் சொந்தமாக வாங்கினார்; அல்லது நீண்ட கால குத்தகைக்கு எடுத்தார். பளபளப்பான மால்களைத் தவிர்த்து, நடுத்தரக் குடும்பங்கள் வாழும் பகுதிகளில் கடை வைத்தார். சரக்கு கொடுப்பவர்களுக்கு மற்ற பெரிய கம்பெனிகளைவிடச் சீக்கிரம் பணம் கொடுத்து, அதற்கு ஈடாக நல்ல விலை பெற்றார். அந்த விலையில் ஒரு பகுதியை வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுத்தார். விலை குறைந்ததால் கூட்டம் வந்தது; கூட்டம் வந்ததால் சரக்கு சீக்கிரம் நகர்ந்தது; சரக்கு நகர்ந்ததால் அடுத்த கொள்முதலுக்குப் பணம் கையில் இருந்தது.

ரொக்கத்துக்கு வாங்கி, குறைந்த லாபம் வைத்து, வேகமாக விற்பது நமது மொத்த வியாபாரிகளுக்குப் புதிதல்ல. பாட்டன் காலத்திலிருந்து நாம் அறிந்த முறைதான். அதையே நூற்றுக்கணக்கான கடைகளில் ஒரே ஒழுங்கோடு செய்தது டிமார்ட்டின் சிறப்பு. ஆனாலும் கடைசியில் கையில் நிற்பது அதிகமில்லை. 2024-25 கணக்கின்படி 100 ரூபாய்க்கு விற்றால் நிகர லாபம் ஏறத்தாழ நாலரை ரூபாய்தான்.

வளர்ச்சியைக் கீழ்க்கண்ட கணக்கில் காணலாம். லாபம் என்பது துணைக் கம்பெனிகளையும் சேர்த்த, வரி போன நிகர லாபம்.

2017 மார்ச்: கடைகள் 131, லாபம் 479 கோடி ரூபாய்
2020 மார்ச்: கடைகள் 214, லாபம் 1,301 கோடி
2022 மார்ச்: கடைகள் 284; லாபம் 1,492 கோடி
2023 மார்ச்: கடைகள் 324, லாபம் 2,378 கோடி
2024 மார்ச்: கடைகள் 365, லாபம் 2,536 கோடி
2025 மார்ச்: கடைகள் 415, லாபம் 2,707 கோடி

எட்டு ஆண்டுகளில் லாபம் ஐந்தரை மடங்குக்கு மேல் பெருகியுள்ளது. கூட்டு வட்டிக் கணக்கில் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 24 சதவீதம். இடையில் கொரோனா ஊரடங்கும் வந்துபோனது. ஆகவே கம்பெனி நல்ல கம்பெனியா என்பதில் சர்ச்சைக்கு இடமில்லை. முதலீட்டாளர்களுக்குள் நடக்கும் சர்ச்சை முழுவதும் விலையைப் பற்றியதே.

எத்தனை ஆண்டு லாபத்தை விலையாகக் கொடுக்கிறோம்?

உங்கள் தெருவில் நன்றாக ஓடும் கடை ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் செலவும் வரியும் போக ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் நிற்கிறது. உரிமையாளர் 30 லட்சம் கேட்டால், அது 5 ஆண்டு லாபம். 60 லட்சம் கேட்டால் 10 ஆண்டு லாபம். இடம், பெயர், வாடிக்கை, எதிர்கால வியாபாரம் எல்லாவற்றையும் எடை போட்டு, இத்தனை ஆண்டு லாபம் கொடுக்கலாம் என்று நீங்கள் ஒரு முடிவுக்கு வருவீர்கள்.

பங்கு மார்க்கெட்டில் பி.இ. விகிதம் என்று சொல்வது இதைத்தான். ஒரு பங்கின் விலையை, அந்தப் பங்குக்கு உரிய ஓராண்டு லாபத்தால் வகுக்க வேண்டும். வரும் விடை, எத்தனை ஆண்டு லாபத்தை நாம் இன்றே விலையாகக் கொடுக்கிறோம் என்பதைக் காட்டும்.

2017 மார்ச் மாதத்தில் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்று 1,870 கோடி ரூபாய் திரட்டியது. பங்கு ஒன்றின் விலை 299 ரூபாய். கேட்டவர்கள் அதிகம்; விற்பனைக்கு வைத்ததைப் போல 100 மடங்குக்கு மேல் விண்ணப்பம் குவிந்தது. அந்த ஆண்டு ஒரு பங்குக்கு உரிய லாபம் ஏறத்தாழ 7 ரூபாய் 70 காசு. ஆக 299 ரூபாய் என்பது 39 ஆண்டு லாபம். மார்ச் 21-ஆம் தேதி பங்கு மார்க்கெட்டில் பட்டியலான முதல் நாளே விலை இரு மடங்குக்கு மேல் ஏறி, ஏறத்தாழ 641 ரூபாயில் முடிந்தது. அது 83 ஆண்டு லாபம்.

நமது தெருக் கடைக்கே இதைப் பொருத்திப் பார்த்தால், 6 லட்சம் லாபம் தரும் கடைக்கு ஏறத்தாழ 5 கோடி ரூபாய் விலை. அன்று முதலீட்டாளர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்தார்கள். அந்த வாதம் இன்றுவரை ஓயவில்லை. இரு தரப்பும் சொல்வதில் நியாயம் இருப்பதால் இரண்டையும் கேட்போம்.

விலை தகும் என்போர் வாதம்

முதலாவதாக, ஓராண்டு லாபத்தை மட்டும் வைத்து வளரும் கம்பெனியை மதிப்பிடக் கூடாது என்கிறார்கள். ஆண்டுக்கு 24 சதவீதம் வளரும் லாபம் மூன்றேகால் ஆண்டில் இரு மடங்காகும். ஆறரை ஆண்டில் நான்கு மடங்காகும். இன்று 80 ஆண்டு லாபமாகத் தெரியும் விலை, அப்போது 20 ஆண்டு லாபமாகக் குறைந்துவிடும். தென்னங்கன்றுக்கு விலை பேசும்போது இன்று அதில் காய் இல்லையே என்று யாரும் கேட்பதில்லை அல்லவா?

இரண்டாவதாக, நாட்டின் மளிகை வியாபாரத்தில் மிகப் பெரும் பகுதி இன்னும் நம்மைப் போன்ற தனிக் கடைகளிடம்தான் இருக்கிறது. ஆகையால் இத்தகைய கம்பெனிகள் இன்னும் பல ஆண்டுகளுக்குப் புதிய ஊர்களில் கடை திறந்துகொண்டே போகலாம்.

மூன்றாவதாக, கடைக் கட்டடங்களில் பெரும் பகுதி சொந்தம். நிலத்தின் விலை ஏறினால் அந்தப் பலன் கம்பெனிக்கே. வாடகை உயர்வு என்ற தொல்லையும் குறைவு. கடன் சுமையும் பெரிதல்ல.

நான்காவதாக, நிர்வாகம் நம்பிக்கைக்குரியது. லாபம் வராத கடைகளைத் திறந்து கணக்கைப் பெருக்கிக் காட்டும் வேலையை அவர்கள் செய்யவில்லை. நல்ல நிர்வாகத்துக்குச் சற்று கூடுதல் விலை கொடுத்தால் தவறில்லை என்பது இவர்கள் கட்சி.

விலை மிகை என்போர் வாதம்

மறு தரப்பினர் கம்பெனியைக் குறை சொல்வதில்லை. அவர்கள் கேட்பது வேறு.

மளிகைக் கடை என்பது செங்கல்லும் சிமெண்டும் ஆளும் சரக்கும் சேர்ந்த தொழில். ஒரு மென்பொருளை எழுதிவிட்டுப் பத்து லட்சம் பேருக்கு விற்பது போல இதைப் பெருக்க முடியாது. ஒவ்வொரு கடைக்கும் இடம் தேட வேண்டும். பத்திரம் பார்க்க வேண்டும். கட்டடம் எழுப்ப வேண்டும். ஆள் பழக்க வேண்டும். சொந்தக் கட்டடம் என்பது பாதுகாப்புத்தான். ஆனால் அதுவே முதலை முடக்கும்; வளர்ச்சியின் வேகத்துக்கும் கடிவாளம் போடும்.

அடுத்து, 100 ரூபாய்க்கு நாலரை ரூபாய் நிற்கும் தொழிலில் சிறிய போட்டியும் பெரிய அடியாக விழும். போட்டிக்காக விலையில் ஒரு ரூபாய் விட்டுக்கொடுத்தால், வரி போகக் கணக்கிட்டாலும் நிகர லாபத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும்.

மூன்றாவது வாதம் நமது மண்டி வணிகர்களுக்கு உடனே புரியும். இந்தக் கம்பெனியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிறுவனர் தரப்பிடமே உள்ளது. மீதமுள்ளதிலும் கணிசமான பகுதியைப் பரஸ்பர நிதிகளும் வெளிநாட்டு நிதி நிறுவனங்களும் வைத்துள்ளன. அன்றாடம் சந்தைக்கு வருவது கொஞ்சம். வரத்து குறைந்து வாங்குபவர் அதிகமானால் மண்டியில் என்ன நடக்கும்? சரக்கின் தரம் மாறாமலே விலை ஏறும். அந்த ஏற்றத்தைத் தரத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறார்கள் இவர்கள்.

கடைசியாக டிவிடெண்ட். பட்டியலானது முதல் 2025 மார்ச் வரை இக்கம்பெனி டிவிடெண்ட் கொடுத்ததில்லை. லாபத்தைப் புதிய கடைகளில் போடுகிறது. வளரும் கம்பெனி அப்படிச் செய்வது சரிதான். ஆனால் பங்குதாரருக்கு வரும்படி என்பது பங்கை விற்கும்போது கிடைக்கும் விலை மட்டுமே. ஆகவே வாங்கும் விலையில் தவறினால், இடையில் ஆறுதலாகக் கைக்கு வருவது எதுவுமில்லை.

2021-இல் கண்ட உச்சம்

2017-இல் விலை மிகை என்று ஒதுங்கியவர்கள், பிறகு பங்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. 2021 அக்டோபரில் விலை ஏறத்தாழ 5,900 ரூபாயைத் தொட்டது. 299 ரூபாய்க்கு ஒதுக்கீடு பெற்றவருக்கு நாலரை ஆண்டில் 20 மடங்குக்கு அருகில். இதைக் கண்டு, "இது வேறு ரகக் கம்பெனி, இதற்கு விலையே பார்க்க வேண்டாம்" என்ற பேச்சு பரவியது.

ஆனால் கணக்கு என்ன சொல்லிற்று? 2021-22-இல் ஒரு பங்குக்கு உரிய லாபம் 23 ரூபாய். 5,900 ரூபாய் என்பது ஏறத்தாழ 256 ஆண்டு லாபம். வேறு விதமாகச் சொன்னால், 100 ரூபாய் போட்டவருக்கு அந்த ஆண்டு சேர்ந்த லாபம் 39 காசு. அதே சமயம் பாங்க் டெபாசிட்டில் 5 ரூபாய்க்கு மேல் வட்டி கிடைத்துக்கொண்டிருந்தது. நமது தெருக் கடையாக இருந்தால், 6 லட்சம் லாபத்துக்கு 15 கோடி ரூபாய்க்கு மேல் விலை!

அந்த விலை கொடுத்தவர் எதை நம்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்று பார்ப்போம். பங்கில் பணம் போடுபவர் ஆபத்தை ஏற்பதால் ஆண்டுக்கு 12 சதவீதமாவது எதிர்பார்ப்பது நியாயம். 12 சதவீதக் கூட்டு வட்டியில் 10 ஆண்டில் பணம் மூன்று மடங்குக்குச் சற்று மேலாகும். அப்படியானால் 5,900 ரூபாய் பங்கு 10 ஆண்டில் 18,300 ரூபாய் ஆக வேண்டும். 10 ஆண்டுக்குப் பிறகும் மார்க்கெட் தாராளமாக 50 ஆண்டு லாபத்தை விலையாகக் கொடுக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு பங்குக்கு லாபம் 366 ரூபாய் இருக்க வேண்டும். 23 ரூபாய் 366 ரூபாய் ஆவதென்றால் ஏறத்தாழ 16 மடங்கு. அதாவது ஆண்டு தவறாமல் 32 சதவீத வளர்ச்சி, தொடர்ந்து 10 ஆண்டு.

இதைக் கடைகளாக மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அன்று இருந்தவை 284 கடைகள். ஒரு கடையின் லாபம் மாறாவிட்டால் 16 மடங்கு லாபத்துக்கு 4,500 கடை வேண்டும். ஒரு கடையின் லாபம் இரு மடங்கானாலும் 2,250 கடை வேண்டும். கம்பெனி உண்மையில் ஆண்டுக்குத் திறந்தது 40 முதல் 50 கடை. பத்து ஆண்டில் இரண்டாயிரம் புதிய கடை என்றால் ஆண்டுக்கு 200. கடை போட்டுப் பழகிய எவருக்கும் அந்த எண் முன்னால் வந்து நின்றால் போதும். 5,900 ரூபாய் விலையில் எவ்வளவு நம்பிக்கை அடைபட்டுக் கிடந்தது என்பது விளங்கிவிடும்.

பிறகு நடந்தது

கம்பெனி கெட்டுப்போகவில்லை. 2021-22-இல் 1,492 கோடியாக இருந்த லாபம் 2024-25-இல் 2,707 கோடி ஆனது. கடைகள் 415 ஆயின. ஆனால் 2025 மார்ச் கடைசியில் பங்கின் விலை ஏறத்தாழ 4,080 ரூபாய். உச்சத்தில் வாங்கியவருக்கு மூன்றரை ஆண்டு கழித்து 100 ரூபாய்க்கு 69 ரூபாய். கடை வளர்ந்தது, லாபம் வளர்ந்தது, அவர் போட்ட முதல் மட்டும் கரைந்தது. 256 ஆண்டு லாபத்துக்கு விற்ற பங்கு 98 ஆண்டு லாபத்துக்கு இறங்கியதே காரணம்.

இடையில் போட்டியும் வந்தது. பெருநகரங்களில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வீட்டுக்கே மளிகை கொண்டுவந்து தரும் பிளிங்கிட், செப்டோ, ஸ்விக்கி இன்ஸ்டாமார்ட் போன்றவை பெருகின. பெருநகரங்களில் வியாபாரம் அதிகமுள்ள தங்கள் கடைகளில் இதன் பாதிப்பு தெரிகிறது என்று 2024 அக்டோபரில் டிமார்ட் நிர்வாகமே ஒப்புக்கொண்டது. காலாண்டு முடிவு வந்த பிறகு மார்க்கெட் திறந்த அக்டோபர் 14-ஆம் தேதி ஒரே நாளில் பங்கு 8 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 2023-24, 2024-25 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நிகர லாப வளர்ச்சி 7 சதவீதத்துக்குக் கீழே நின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

அப்படியானால் மிகை என்றவர்கள் வென்றார்கள் என்று முடிவு கட்டலாமா? அதுவும் சரியல்ல. பட்டியலான முதல் நாள் 641 ரூபாய்க்கு, 83 ஆண்டு லாபம் கொடுத்து வாங்கியவரின் பணம் எட்டு ஆண்டில் ஆறு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. அன்று விலை மிகை என்று சொல்லி ஒதுங்கியவர் அந்த லாபத்தை இழந்தார். பி.இ. எண் பெரிது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல தொழிலை ஒதுக்கினால் நஷ்டம் வரும் என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் இந்த வெற்றியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 83 ஆண்டு லாபத்துக்கு வாங்கியவர், 98 ஆண்டு லாபத்துக்கு விற்க முடிந்ததால்தான் முழுப் பலனும் கிடைத்தது. 2025-இல் மார்க்கெட் 40 ஆண்டு லாபம்தான் கொடுப்பேன் என்று சொல்லியிருந்தால் விலை 1,660 ரூபாய் அளவில் நின்றிருக்கும். அப்போது அவருக்கு ஆண்டுக்குக் கிடைத்திருப்பது 12, 13 சதவீதம். அதுவும் கெட்ட வரும்படி அல்ல. ஆனால் ஆறு மடங்கு எங்கே, இரண்டரை மடங்கு எங்கே! லாபம் வளர்வது கம்பெனியின் உழைப்பு. அந்த லாபத்துக்கு எத்தனை ஆண்டு விலை என்பது மார்க்கெட்டின் மனநிலை. முதலாவதை ஓரளவு கணிக்கலாம். இரண்டாவது எப்போது மாறும் என்று எவராலும் சொல்ல முடியாது.

நமக்குத் தெரிந்த பழைய உதாரணம்

நமது அலமாரிகளில் சோப்பும் தேயிலையும் நிரப்பும் ஹிந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனியை யாரும் சாதாரணமாக எண்ண மாட்டோம். ஹிந்துஸ்தான் லீவர் என்ற பெயரில் இருந்தபோது, 2000-ஆம் ஆண்டு வாக்கில் அந்தப் பங்குக்கும் மிக உயர்ந்த விலை கிடைத்தது. எந்த நிலையிலும் விற்கத் தேவையில்லாத பங்கு என்று பலரும் கருதினர். அதன் பிறகு அந்த உச்ச விலையை மீண்டும் தாண்ட ஏறத்தாழ 10 ஆண்டு பிடித்தது. இந்தப் பத்து ஆண்டும் கம்பெனி லாபத்தில்தான் நடந்தது, டிவிடெண்டும் கொடுத்தது. பிற்பாடு பங்கு நன்றாகவே ஏறியது. ஆனால் மகள் கல்யாணத்துக்கென்று 2000-இல் வாங்கி வைத்தவருக்கு அந்தப் பத்து ஆண்டு சாதாரணக் காலமல்ல.

வீட்டிலேயே போடக்கூடிய கணக்கு

எந்த வளரும் கம்பெனியானாலும், வாங்குவதற்கு முன் கீழ்க்கண்ட கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது.

1. ஒரு பங்கின் விலையை ஓராண்டு லாபத்தால் வகுத்து, எத்தனை ஆண்டு லாபம் கொடுக்கிறோம் என்று எழுதுங்கள். ஒரு தடவை நிலம் விற்று வந்த வரவு போன்றவை லாபத்தில் சேர்ந்திருந்தால் கழித்துவிடுங்கள்.

2. கடந்த எட்டு, பத்து ஆண்டு வளர்ச்சியைத் தனியாகவும், கடைசி இரண்டு ஆண்டு வளர்ச்சியைத் தனியாகவும் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

3. இன்றைய விலையை மூன்றால் பெருக்குங்கள். 10 ஆண்டு கழித்து நமக்கு வேண்டிய விலை ஏறத்தாழ அது. அதை 50-ஆல் வகுத்தால் அப்போது தேவைப்படும் லாபம் கிடைக்கும். 30-ஆலும் வகுத்துப் பாருங்கள். எல்லாக் கம்பெனிக்கும் 50 கிடைப்பதில்லை.

4. அந்த லாபம் இன்றைய லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்று பார்த்து, அதைக் கடைகளாக, ஆலைகளாக, வாடிக்கையாளர்களாக மாற்றுங்கள். ஆண்டுக்கு இத்தனை கடை திறக்க முடியுமா என்று ஒரு வியாபாரியாக யோசியுங்கள்.

5. வளர்ச்சி பாதியாகக் குறைந்தால் என் பணம் என்னவாகும் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியைப் படித்தபின் இரவில் தூக்கம் வருமா என்பதையும் யோசியுங்கள்.

2025 மார்ச் விலையான 4,080 ரூபாய்க்கு இந்தக் கணக்கைப் போட்டால், 50 ஆண்டு லாபம் என்ற தாராளமான கணக்கிலும், லாபம் 10 ஆண்டில் ஆறு மடங்காக வேண்டும் என்று வருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 20 சதவீதம். கடந்த எட்டு ஆண்டின் சராசரி 24 சதவீதம். கடைசி இரண்டு ஆண்டில் 7 சதவீதத்துக்கும் கீழே. வரும் ஆண்டுகள் இந்த இரண்டில் எதைப் போல இருக்கும் என்பதே உண்மையான சர்ச்சை. 24-ஐ நம்புபவருக்கு அந்த விலை தகும். 7-ஐ நம்புபவருக்கு அது மிகை. இருவரும் ஒரே கணக்கைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே இனி யாராவது ஒரு பங்கை வாங்கச் சொன்னால், "நல்ல கம்பெனியா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், "இந்த விலைக்கு எவ்வளவு வளர்ச்சி வர வேண்டும்?" என்றும் கேட்பது அவசியம். இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாதவரின் யோசனையை ஏற்காதிருப்பதே பாதுகாப்பு.

உறுப்பினர்கள் கவனத்துக்கு

இக்கட்டுரை எந்தப் பங்கையும் வாங்கச் சொல்வதும் அல்ல, விற்கச் சொல்வதும் அல்ல. மேலே சொன்ன விலைகளும் லாபமும் அந்தந்தத் தேதிக்கு உரியவை. வாங்க நினைப்பவர் அன்றைய கணக்கைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க இயலாது. கடையின் சுழல் முதலைப் பங்கில் போடாதீர்கள். தீபாவளி, பொங்கல் கொள்முதலுக்கு வைத்திருக்கும் பணம், மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, பாங்க் ஓவர்டிராப்ட் ஆகியவற்றை எடுத்துப் பங்கு வாங்கினால், விலை இறங்கும் நேரத்தில்தான் பணம் தேவைப்படும். நல்ல கம்பெனி என்றாலும் நமக்காக அது காத்திருக்காது. மூன்று, நான்கு ஆண்டு கைவைக்கத் தேவையில்லாத பணமாக இருந்தால் மட்டுமே விலை திரும்பும்வரை பொறுத்திருக்க முடியும். அதிலும் மொத்தத்தையும் ஒரே கம்பெனியில் போடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வரும் "உறுதியான டிப்ஸ்" விஷயத்தில் இளைஞர்களை எச்சரித்து வையுங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் கேட்பவர் செபியிடம் பதிவு பெற்றவரா என்று செபியின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

சரக்கு எவ்வளவு உயர்ந்ததானாலும், கொள்முதல் விலை கூடிவிட்டால் விற்பனையில் அதை மீட்பது கடினம். லாபம் வாங்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது என்று நமது பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அரிசிக்கும் பருப்புக்கும் நாம் தவறாமல் பார்க்கும் அந்தக் கணக்கைப் பங்குக்கும் பார்த்தால், விலை தகுமா மிகையா என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் தமக்குத் தாமே விடை காணலாம்.